கம்பெனி வருகிறது... காலி செய்யுங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரோடு பேப்பரைப் பிரித்தேன். காலிங் பெல்!

எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் செக்ரட்டரி ரகுராம் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரின் சிரிப்பு.

"மேடம், வியாழக்கிழமை காலையில சல்ப, கொஞ்சம் ஃப்ரீயா இருப்பீங்களா?"

"எதற்கு?"

"ஃபாரின் கம்பெனி டீம் வருது மேடம். ஏர்போர்ட்லேர்ந்து நம்ம ஜங்ஷன் வழியாத்தான் ஓசூர் ரோடு ஹோட்டலுக்குப் போறாங்க. மறுநாள் இடத்தைப் பாக்கறாங்க. நாம எல்லாரும் வெல்கம் போர்டு பிடிச்சுகிட்டு ரோட்டோரமா நிக்கணும். சும்மா நிக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்!"

எந்தக் கம்பெனி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தினமும்தான் பேப்பரில் வருகிறதே... பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. ஆசியாவுக்கே ஒரு தலைமை அலுவலகம் கட்டப்போகிறதாம். பெங்களூரா, ஹைதராபாத்தா, சென்னையா? மூன்று ஊர்களும் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது போல அலங்காரம் பண்ணிக்கொண்டு நிற்கின்றன. ஒரு ஊர் நிலம் இனாம் என்கிறது. இன்னொரு ஊர் கரன்ட்டுக்குச் சலுகை என்கிறது. மூன்றாவது ஊர், வரியே வேண்டாம், வந்தால் போதும் என்கிறது. என் வீட்டு வரியை ஒரு மாதம் தாமதமாகக் கட்டிப் பார்த்தால் தெரியும், இதே ஊரின் இன்னொரு முகம்!

சென்னையிலிருந்து என் சித்தி மகள் போன் பண்ணி, "நீ யார் பக்கம்?" என்று கேட்டாள். பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி. ஆற்றுத் தண்ணீரானாலும் சரி, கிரிக்கெட்டானாலும் சரி... யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார். இப்போது கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

ரகுராமிடம், "நான் வரவில்லை" என்றேன்.

"ஏன் மேடம் இவ்வளவு நெகட்டிவா பேசறீங்க? சிட்டிக்கு நல்லதுதானே? நம்ம வாட்ச்மேன்கூட போர்டு பிடிக்கறேன்னு ஒத்துகிட்டார்!"

ஒத்துக்கொண்டாராம்! முடியாது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்ற நிலையில் உள்ள ஒருவர் தலையாட்டினால் அதற்குப் பெயர் ஒத்துக்கொள்வதா? கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் காபி ஆறிப்போயிருந்தது. என் கோபம்தான் ஆறவில்லை.

அந்த வாட்ச்மேனைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பெயர் கௌதமன். கோலார் தங்கவயல்காரர். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா சுரங்கத்தில், தாத்தா சுரங்கத்தில், இவரும் சுரங்கத்தில். பூமிக்கடியில் மேஸ்திரியாக இருந்தவர். சுரங்கத்துக்கு மூடுவிழா நடந்ததும், மனைவி சரோஜாவோடும் ஒரு புத்தர் படத்தோடும் ரயிலேறி பெங்களூருக்கு வந்துவிட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது சில வருடங்களுக்கு முன்னால், தொம்மலூரில். அங்கே பழைய ஊருக்குப் பின்புறம் பெரிய காலி நிலம் ஒன்று இருந்தது. அரசாங்கத்துடையது. அதன் ரோட்டோரத்தில் ஒரு வரிசை வீடுகள்... ஹாலோபிளாக் சுவர், தகரக் கூரை. பெயின்டர்கள், சித்தாள்கள், ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள். பாதிப் பேர் தங்கவயல்காரர்கள். அந்த வரிசையின் முனையில்தான் கௌதமனின் மெஸ்.

எனக்கும் சமையலுக்கும் ஆகாது என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்போது பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தேன். பாதி நாள் சாப்பாடு அந்த மெஸ்ஸில்தான். சரோஜா அக்காவின் களியும் கோழிக் குழம்பும்... சரி, வேண்டாம். எழுதினால் பசிக்கும்.

கௌதமனிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் விரலால் தட்டிப் பார்ப்பார். மேஜை, தேங்காய், சுவர்... ஒருமுறை என் புது டிபன் கேரியரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா கீதும்மா" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

"ஏன் அண்ணா, எல்லாவற்றையும் தட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தொழில் புத்திம்மா. சுரங்கத்துல வெடி வெச்சு முடிஞ்சதும் மொதல்ல மேஸ்திரிதான் உள்ள போவணும். கம்பியால மேல இருக்கற பாறையத் தட்டிப் பாக்கணும். கெட்டியா சத்தம் வந்தா நல்ல பாறை. பொத்துனு வந்தா லூசு. தட்டிப் பாத்துட்டு 'சரி'ம்பான். சொல்லிட்டு அவனேதான் போயி அதுக்கு அடியில நிப்பான். அவன் நின்னுட்டான்னா மத்தவங்க ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, வந்துடுவாங்க. அதான் எங்க ரூலு."

நல்ல ரூல்தான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு பூமிக்கு மேலே வந்ததுதான் அவர் செய்த பிழை.

அந்த வருடமும் இதே மாதிரி ஒரு போட்டி நடந்தது. வேறு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அதே மூன்று ஊர்கள். கௌதமனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை இட்லி வியாபாரத்தின் நடுவே பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். "ஐதராபாத்காரன் ரோடு போட்டுத் தர்றானாம்மா... நம்ம ஆளுங்க இன்னா பண்றாங்க, தூங்கறாங்களா?" என்பார். ஸ்கோர் கேட்கிற மாதிரி என்னிடம் நிலவரம் கேட்பார். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

"கம்பெனி வந்தால் உங்களுக்கு என்ன அண்ணா?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்குக் கம்பெனின்னா இன்னான்னு தெரியாதும்மா. நாங்க கம்பெனியில பொறந்தவங்க. வூடு கம்பெனி வூடு. ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. கரன்ட்டு, தண்ணி எல்லாம் கம்பெனி. அப்பன் வேல புள்ளைக்கு. உள்ள எவனாவது செத்தா பொட்டிகூட கம்பெனிதான் குடுக்கும். ஒரு கம்பெனி வந்துச்சுன்னா ஊரே பொழச்சிக்கும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சரோஜா அக்கா திரும்பிப் பார்த்தார்.

"ஏன்யா, அது மண்ணுல எறங்கற கம்பெனி. இது ஏசியில உக்கார்ற கம்பெனி. உனுக்கு அங்க இன்னா வேல வெச்சிருக்கான்?"

"ஏசி போட்டா மட்டும்? கூட்டறதுக்கு, சமைக்கறதுக்கு, காவலுக்கு ஆளு வாணாமா? எல்லாருக்கும் குவாட்டர்ஸ் கட்டித்தான ஆவணும்?"

குவார்ட்டர்ஸ்! அவருடைய அகராதியில் கம்பெனி என்றால் முதல் பக்கத்திலேயே அதுதான் இருந்தது.

ஒருநாள் ஜீப் வந்தது. அதிகாரிகள் இறங்கினார்கள். அந்தப் பெரிய காலி நிலத்தைத்தான் கம்பெனிக்குக் காட்டப் போகிறார்களாம். முன்னால் தகரக் கூரைகள் தெரிந்தால் நன்றாக இருக்காதாம். காலி பண்ணிக் கொடுத்தால் பொம்மனஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஆளுக்கொரு வீடு, கம்பெனியில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை. எல்லாம் வாய்வார்த்தைதான்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. விவேக் நகரில் ஒரு வக்கீல் இருந்தார். நல்ல மனிதர். இந்த மாதிரி வழக்குகளுக்குக் காசு வாங்க மாட்டார். "ஸ்டே வாங்கித் தருகிறேன், எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள்" என்று சொல்லியிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். கௌதமனைத் தவிர!

அன்று சாயங்காலம் மெஸ் வாசலில் எல்லாரையும் கூட்டிவைத்து அவர் பேசியதை நானும் கேட்டேன்.

"கேஸு கீஸுன்னு கலாட்டா பண்ணா அவன் பயந்துகிட்டு ஐதராபாத்துக்குப் போயிடுவான். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் இல்ல. மொதல்ல கம்பெனி வரட்டும். வந்துட்டா நம்மள வுட மாட்டான். நான் சொல்றேன்... சரி!"

அந்த 'சரி'யின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. தங்கவயல்காரர்களுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை சாப்பிடப் போனேன். மெஸ்ஸுக்குக் கூரை இல்லை. கௌதமன் சுவர்மேல் உட்கார்ந்து கடைசித் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே ரோட்டில் அண்டா குண்டாக்களுக்கு நடுவே சரோஜா அக்கா. அழவில்லை. அடுப்புக் கல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்ன அவசரம்? அதுதான் வக்கீல் இருக்கிறாரே?" என்றேன் பதறிப்போய்.

"சரின்னு சொன்னவன்தானம்மா மொதல்ல போயி நிக்கணும்!" என்று மேலேயிருந்து சிரித்தார்.

வரிசையில் இருந்தவர்கள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒரு பெயின்டர் தன் வீட்டுக் கூரைமேல் ஏறினார். அவரைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து இன்னொருவர்... மேஸ்திரி அடியில் போய் நின்றுவிட்டாரே, பிறகு என்ன கேள்வி? மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கக் குட்டிச்சுவர்தான் நின்றது. புல்டோசர் வந்தபோது அதற்குப் பெரிதாக வேலையே இருக்கவில்லை. வக்கீல் வந்து பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஷாமியானா, பூந்தொட்டிகள், பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து விரித்த புல்தரை! பத்திரிகைக்காரி என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். கௌதமன் ரோட்டோரக் கூட்டத்தில் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வீட்டை இழந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

கார்கள் வந்தன. நின்றன. கண்ணாடி இறங்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் ஏசி வெளியே போய்விடுமே! கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே வளைத்துக்கொண்டு போய்விட்டன. உள்ளேயிருந்து ஒருவர் கையசைத்ததாகக் கௌதமன் மட்டும் சொன்னார்.

சரி... அந்தக் கம்பெனி எந்த ஊருக்குப் போயிற்று? ஹைதராபாத்? சென்னை?

இரண்டுக்கும் இல்லை! எந்த ஊரில் ஏற்கெனவே இருந்ததோ, அதே வெளிநாட்டு ஊரிலேயே இருந்துவிட்டது. 'எங்களுக்கு இந்தியாவில் மூன்று ஊர்களிலிருந்து அழைப்பு இருக்கிறது' என்று அந்த ஊர்க்காரர்களிடம் காட்டி, அங்கேயே கூடுதல் சலுகை வாங்கிக்கொண்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். பேரம் படிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்துக் கடையைக் கைகாட்டுவோமே, அதுதான். நாம் அந்தப் பக்கத்துக் கடை. வாங்குகிறவர் வரப்போகிறார் என்று நம்பிக் கடையையே இடித்துக்கொண்டோம்.

"இங்கேயும் ரோட்டோரக் கடைங்களை எல்லாம் எடுத்துட்டாங்கப்பா" என்று சென்னையிலிருந்து சித்தி மகள் போனில் சொன்னாள். அப்போது மட்டும் அவள் 'நீ யார் பக்கம்' என்று கேட்கவில்லை.

வீடு இழந்தவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். நானும் ஒருநாள் கூடப் போனேன். ஒரு அதிகாரி ரொம்ப மரியாதையாகவே பதில் சொன்னார். "கம்பெனி வந்திருந்தா வீடு குடுத்திருப்போம், வேலை குடுத்திருப்போம். கம்பெனியே வரலியேம்மா... நாங்க எங்கேர்ந்து குடுக்கறது?" எவ்வளவு நியாயம் பாருங்கள்! பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாம் என்றால் அதற்குள் காம்பவுண்டு சுவர் எழும்பியிருந்தது. அந்தச் சுவரைக் கட்ட மட்டும் யாரும் தாமதம் பண்ணவில்லை. இன்றைக்கும் அந்த நிலம் சும்மாதான் கிடக்கிறது. கேட் வழியாக ஆடுகள் மட்டும் போய் வருகின்றன. எனக்கு அந்தப் பக்கம் ஆட்டோவில் போனாலே வயிறு எரிகிறது.

ஜனங்கள் பொம்மனஹள்ளிப் பக்கம் மூலைக்கொன்றாக வாடகைக்குப் போனார்கள். கௌதமனும்தான். சரோஜா அக்கா ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்தார். நான் பிறகு இந்த அபார்ட்மென்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் தேவை என்றார்கள். ஏஜென்சிக்காரரிடம் சொல்லி கௌதமனைச் சேர்த்துவிட்டேன். ஏஜென்சி யூனிஃபாரம், ஏஜென்சி தொப்பி. ஆஸ்பத்திரி கிடையாது. குவார்ட்டர்ஸ் கிடையாது. கேட் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு.

ஒருநாள் சரோஜா அக்கா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார்.

"யாராவது வந்து இவுர நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூட பரவால்லம்மா. ஒருத்தர்கூட திட்டல. பஸ்ஸுல பாத்தா, 'நல்லா கீறீங்களா மேஸ்திரி'ன்றாங்க. அதான் இவுருக்குத் தாங்கல."

நானும் கவனித்தேன். அவர் இப்போதெல்லாம் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். கேட்டில் கௌதமன். கையில் வெல்கம் போர்டு. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, விரலை மடக்கி அதைத் தட்டினார்.

தெர்மோகோல். சத்தமே வரவில்லை.

"அம்மா, நாளைக்கு இவங்களுக்குக் காட்டப்போற எடம் எதுன்னு தெரியுமா? பொம்மனஹள்ளியில, எங்க வூட்டாண்டதான். அங்க ரோட்டோரமா ஒரு வரிச வூடு கீது. முந்தாநேத்து ஜீப் வந்துச்சாம். வேற வூடு தர்றோம், வூட்டுக்கு ஒருத்தருக்கு வேல தர்றோம்னாங்களாம். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணுமாம். நைட்டு சரோஜா சொல்லிச்சு. அதுங்க சந்தோசமா மூட்ட கட்டுதுங்களாம்மா..."

பால் வாங்கப் போவதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நான் தட்டிப் பாக்காமலே சரின்னு சொல்லிட்டேன். கம்பெனின்ற பேரக் கேட்டதும் எனக்குப் பாறை கெட்டியா கேட்டுடுச்சு. எம்பேச்சக் கேட்டு அத்தினி பேரும் உள்ள வந்துட்டாங்க." கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "பாறை லூசுன்னு தெரிஞ்சா மேஸ்திரி கத்தணும்மா. வெளிய நில்லு, உள்ள வராதேன்னு கத்தணும். அதுவும் ரூலுதான். நான் போயிட்டு வர்றேன்."

"இப்போதா? கார்கள் வருகிற நேரம் அண்ணா. கேட்டில் ஆளில்லை என்று தெரிந்தால் ஏஜென்சிக்காரன் வேலையை விட்டே தூக்கிவிடுவான்."

"தூக்கட்டும்மா. இது இன்னா கம்பெனி வேலையா?"

போர்டை என் கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி ஸ்டூலின்மேல் வைத்தார். பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தவர், பாதியில் ஓடவே ஆரம்பித்தார்.

அவர் சொல்லி யார் கேட்பார்கள்? முன்பின் தெரியாத ஏஜென்சி சட்டைக்காரர் ஒருவர் வந்து, 'நம்பாதே' என்றால்? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால், அவரைத் தடுக்கவும் மனசு வரவில்லை. விவேக் நகர் வக்கீலுக்குப் போன் பண்ணி, கௌதமன் ஓடுவதையும் இடத்தையும் சொன்னேன். "எந்த கௌதமன்? மேஸ்திரியா?" என்று கேட்டவர், உடனே கிளம்புவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன்.

கார்கள் வந்தன. இந்த முறையும் கண்ணாடி இறங்கவில்லை. ஜங்ஷனில் எங்கள் அபார்ட்மென்ட்வாசிகள் கையசைத்தார்கள். கார்கள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

ரகுராம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். போர்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு கணம் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே காலி கேட்டைப் பார்த்துச் சுருங்கியது.

"மேடம், வாட்ச்மேன் எங்கே?"

"டியூட்டிக்குப் போயிருக்கிறார்" என்றேன்.